சிறிய கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் 11ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் 200 யார்டு பட்டர்ஃபிளை நன்றாக நீந்துகிறாள். படிப்பிலும் கெட்டிக்காரி. நியூ இங்கிலாந்தில், மாணவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத, ஆனால் இடம் கிடைப்பது மிகக் கடினமான ஒரு கல்லூரியின் நீச்சல் கோச் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: "நீ எங்கள் அணிக்கு வந்தால் மகிழ்ச்சி, என் முழு ஆதரவு உனக்கு உண்டு." கிளப்பில் மற்ற பெற்றோர் "அப்படியென்றால் ஸ்காலர்ஷிப் கையில் வந்த மாதிரிதான்" என்கிறார்கள். கல்லூரியின் தளத்தில் ஆண்டுச் செலவு 90,000 டாலரை ஒட்டி இருக்கிறது. இதில் எவ்வளவு குறையும் என்பது உங்கள் கேள்வி. நடுவில் ஒரே வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், மகள் எச்-4இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறாள் என்று. என் கணக்கில் உங்கள் கேள்வியில் மிகக் கனமான வரி அதுதான். அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

நான் இப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டு விண்ணப்பங்கள் படித்தவன். அதில் நான்கு ஆண்டு, கோச்சுகள் கொண்டுவரும் பெயர்களை அலுவலகத்தின் சார்பில் பார்த்துப் பதில் சொல்வது என் பொறுப்பு. இப்போது ஒரு பள்ளியில் கல்லூரி ஆலோசகராக இருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். அந்தக் கல்லூரியிலிருந்து நீச்சலுக்காக ஒரு டாலர்கூட வராது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள் உண்டு. 1973இல் இந்தப் பிரிவினை வந்தது. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்காகப் பணம் கொடுக்கலாம், மூன்றாவதில் கொடுக்கக் கூடாது. நுழையக் கடினமான சிறிய கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த டிவிஷன் 3இல்தான் இருக்கின்றன: ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், மிடில்பெரி, போடின் எல்லாம் சேர்ந்த 11 கல்லூரிகளின் நெஸ்காக் கூட்டமைப்பு, அப்புறம் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பொமோனா. எம்ஐடியும் கால்டெக்கும் சிகாகோ பல்கலைக்கழகமும்கூட டிவிஷன் 3தான். தடை பெயரளவுக்கு இல்லை. உதவித்தொகை கணக்கிடும்போது மாணவர் விளையாடுபவரா, எவ்வளவு நன்றாக விளையாடுகிறார் என்பதைப் பார்க்கவே கூடாது என்பது விதி. விளையாடுபவர்களுக்குக் கிடைத்ததையும் மற்றவர்களுக்குக் கிடைத்ததையும் ஒப்பிடும் விவரங்களை ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி என்சிஏஏவுக்கு அனுப்ப வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள்.

பணம் இல்லாததால் விளையாட்டு சாதாரணமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹாயோவில் கேம்பியர் என்ற சின்ன ஊரில் இருக்கும் கென்யன் கல்லூரியின் ஆண்கள் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை டிவிஷன் 3 தேசியப் பட்டத்தை வென்றது. 2011இல் அந்தத் தொடரை முடித்துவைத்ததும் அதே மாநிலத்தின் டெனிசன்தான், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அந்த நீச்சல்காரர்களில் ஒருவர்கூட நீந்துவதற்காகக் கல்லூரியிடம் பணம் வாங்கியவர் இல்லை.

சரி, பணம் தர முடியாத கோச் எதை வைத்துக்கொண்டு "முழு ஆதரவு" என்கிறார்? இடத்தை வைத்துக்கொண்டு. ஒவ்வோர் ஆண்டும் அட்மிஷன் அலுவலகம் விளையாட்டுத் துறைக்கு ஓர் எண்ணிக்கை ஒதுக்குகிறது. இந்த எண்ணிக்கைக்குள், படிப்பில் கல்லூரியின் தரத்தை எட்டிய, ஆனால் கூட்டத்தில் தனியாகத் தெரிந்திருக்க மாட்டாத மாணவரை கோச் பெயர் சொல்லிக் கேட்கலாம். ஆம்ஹர்ஸ்ட் 2017இல் தன் விளையாட்டு நிலையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதியது. ஆண்டுக்குச் சேரும் ஏறத்தாழ 470 பேரில் 67 இடம் இப்படி விளையாட்டை முக்கியமாகக் கருதிக் கொடுக்கப்படுகிறது, மொத்த மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதாவது ஒரு கல்லூரி அணியில் இருக்கிறார்கள் என்று. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத ஹார்வர்டில், அதன் அட்மிஷன் முறையை எதிர்த்த வழக்கின் 2018 விசாரணையில் வெளிவந்த கணக்கின்படி கோச் கேட்ட விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு அது நூற்றுக்கு ஆறேழுதான். 2019இல் பிடிபட்ட அட்மிஷன் மோசடியில் பணக்காரப் பெற்றோர் கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்து, விளையாடவே தெரியாத பிள்ளைகளை அணிப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் ஸ்காலர்ஷிப்புக்காகவா அப்படிச் செய்தார்கள்? அந்த இடம் அவ்வளவு மதிப்புள்ளது.

ஆகவே உங்கள் மகளுக்கு வந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது எந்த அளவு உறுதி என்பதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். நடக்கும் முறை இது. 11ஆம் வகுப்பு முடிந்து ஜூலை 1க்குப் பிறகு, கோச் மாணவியின் மதிப்பெண் பட்டியல், எழுதியிருந்தால் எஸ்ஏடி மதிப்பெண், 12ஆம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் மூன்றையும் வாங்கி அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுப்பார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். நாங்கள் படித்துவிட்டு "பரவாயில்லை", "12ஆம் வகுப்பு முதல் பருவ மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்கிறோம்", "வேண்டாம்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வோம். "பரவாயில்லை" என்பது இடம் கிடைத்ததற்குச் சமம் இல்லை. கோச் தன் ஒதுக்கீட்டில் ஒன்றை இவளுக்குச் செலவழித்தால் நாங்கள் மறுக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான் அதன் பொருள். அதன் பிறகு அவள் நவம்பரில் ஏர்லி டெசிஷனில் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்) விண்ணப்பிக்க வேண்டும் என்று கோச் கேட்பார். டிசம்பர் நடுவில் முடிவு வரும்வரை கையில் எந்தக் கடிதமும் இருக்காது. ஹார்வர்ட் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் அக்டோபரிலேயே அட்மிஷன் அலுவலகத்தின் கையெழுத்தோடு "அநேகமாக இடம் உண்டு" என்று கடிதம் கொடுப்பதுண்டு. சிறிய கல்லூரிகளில் பெரும்பாலும் கோச்சின் வாய்ச்சொல்தான்.

அந்த வாய்ச்சொல்லின் எடை ஆளுக்கு ஆள் மாறும். வெளியிலிருந்து யாராலும் அதை அளக்க முடியாது, நானும் உங்கள் கோச்சைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கால்பந்துக்கு அந்த ஆண்டு மூன்று ஒதுக்கீடு. கோச் ஐந்து மாணவர்களிடம் "உன்னை ஆதரிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இருவர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டார். ஐந்து பேரும் ஏர்லியில் எங்களிடமே விண்ணப்பித்தார்கள். மிஞ்சிய இருவரில் ஒரு பையனின் அம்மா டிசம்பரில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, வேறு இரண்டு கோச்சுகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே என்று அழுதார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் மகளே கேட்கட்டும், கோச்சுகளுக்கு அதுதான் பிடிக்கும். "அணியில் இடம் உண்டு என்கிறீர்களா, அல்லது அட்மிஷனில் உங்கள் ஒதுக்கீட்டில் ஒன்றை எனக்காகப் பயன்படுத்துவீர்களா?" இந்த இரண்டும் வேறு வேறு. முன்னதைச் சொன்னால், அவள் தன் விண்ணப்பத்தின் பலத்தில் உள்ளே வந்த பிறகு நீந்தலாம் என்று மட்டுமே பொருள். அப்புறம், "கடந்த மூன்று ஆண்டில் ப்ரீ-ரீட் முடிந்து நீங்கள் ஆதரித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை?" நேர்மையான கோச் எண்ணிக்கையோடு பதில் சொல்வார். சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நீச்சலில் ஒரு நல்ல விஷயம், கடிகாரம் பொய் சொல்லாது. ஸ்விம்கிளவுட் தளத்தில் அந்தக் கூட்டமைப்பின் பிப்ரவரி சாம்பியன்ஷிப் முடிவுகள் இருக்கும். உங்கள் மகளின் 200 பட்டர்ஃபிளை நேரத்தை அந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். இறுதிச் சுற்றில் நீந்தும் நேரம் என்றால் கோச் அவளை இழக்க விரும்ப மாட்டார். இருபதாவது இடத்துக்குக் கீழே என்றால், அவர் எவ்வளவு அன்பாக எழுதினாலும் ஒதுக்கீட்டை வேறு யாருக்காவது வைத்திருப்பார் என்பது என் அனுபவம்.

இனி பணம். விளையாட்டுக்குக் கிடையாது என்றால் வேறு எதற்குக் கிடைக்கும்? ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், போடின் போன்றவை படிப்புத் திறனுக்கான மெரிட் ஸ்காலர்ஷிப்பும் தருவதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் உதவி. சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில் வருமானம், சேமிப்பு, வரி விவரம், பல கல்லூரிகளுக்கு வீட்டின் மதிப்பு வரை கேட்பார்கள். கணக்கில் வரும் தேவை முழுவதையும் அவர்களே ஈடுகட்டுவார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இது எந்த நீச்சல் ஸ்காலர்ஷிப்பையும்விடப் பெரிய தொகையாக வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அம்சம் உண்டு. தோள் வலி வந்து இரண்டாம் ஆண்டில் அவள் நீச்சலை விட்டுவிட்டாலும் அந்த உதவி ஒரு டாலர்கூடக் குறையாது, ஏனென்றால் அது நீச்சலோடு கட்டப்படவே இல்லை. வலியோடு நீந்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பணம் போய்விடும் என்ற பயத்தில் இருந்த ஸ்காலர்ஷிப் பிள்ளைகளை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்களைப் போல இருவரும் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் தேவை கொஞ்சமாகவே வரலாம், வராமலும் போகலாம். இங்கேதான் ஏர்லி டெசிஷன் ஆபத்தாகிறது. அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கொடுக்கும் உதவி போதாமல் சேர முடியவில்லை என்றால் விடுவிப்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்போது டிசம்பர் முடிந்திருக்கும், மற்ற கோச்சுகளின் ஒதுக்கீடும் தீர்ந்திருக்கும். ஆகவே ப்ரீ-ரீட் கேட்கும் அதே ஜூலையில் நிதி ப்ரீ-ரீட்டும், அதாவது எவ்வளவு உதவி வரும் என்ற முன்கணிப்பும், கேளுங்கள். இந்த வகைக் கல்லூரிகளில் பல இதைச் செய்து தருகின்றன. எழுத்தில் ஒரு தொகை வராமல் ஏர்லியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது எச்-4. உங்கள் மகள் இங்கேயே வளர்ந்து, இங்கேயே பள்ளி படித்திருந்தாலும், அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கு அவளுக்குத் தகுதி இல்லை. பல கல்லூரிகள் உதவி விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே கணக்கில் எடுக்கும். கிரீன் கார்டு கையில் இருந்தால் உள்நாட்டு மாணவி, வரிசையில் நின்றால் வெளிநாட்டு மாணவி. கோடு அங்கேதான். இதில் என்ன வித்தியாசம்? உள்நாட்டு மாணவர்களிடம் "உன்னால் கட்ட முடியுமா" என்று பார்க்காமல் இடம் கொடுக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களிடம் அதைப் பார்க்கின்றன. பார்க்காதவை மிகச் சில. சிறிய கல்லூரிகளில் ஆம்ஹர்ஸ்ட் அப்படிப்பட்டது, 2022 முதல் போடினும். மற்ற இடங்களில், நான் வேலை பார்த்த இடம் உட்பட, வெளிநாட்டு மாணவர் உதவிக்குத் தனியாக ஒரு தொகை இருக்கும். கோச்சின் ஒதுக்கீடு அந்தப் பையைத் திறக்காது. படிப்பில் பச்சைக்கொடி வாங்கி, கோச்சின் ஆதரவும் இருந்து, உதவி கேட்டதால் மட்டும் இடம் போன எச்-4 பிள்ளைகளின் கோப்புகளை நானே மூடியிருக்கிறேன். கோச்சுகளுக்கே பல நேரம் இது தெரியாது. நியூ ஜெர்சிப் பெண் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்த மின்னஞ்சலிலேயே விசா நிலையைச் சொல்லிவிடுங்கள். அதோடு, "இப்போது உதவி வேண்டாம் என்று எழுதி உள்ளே போய்விட்டு, பிறகு கேட்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. நடுவில் கிரீன் கார்டு வந்தால் என்ன செய்வார்கள் என்பது ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு மாதிரி. அதை நிதி அலுவலகத்திடம் எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நீச்சலுக்கே பணம் தரக்கூடிய சிறிய, நல்ல கல்லூரிகள் இல்லையா என்றால், உண்டு. டேவிட்சன், ரிச்மண்ட், பேட்ரியட் லீக் கூட்டமைப்பில் இருக்கும் பக்னெல், கோல்கேட், லீஹை போன்றவை டிவிஷன் 1. ஆனால் அங்கும் "முழு ஸ்காலர்ஷிப்" என்ற சொல்லைச் சந்தேகத்தோடு கேளுங்கள். பெண்கள் நீச்சலுக்கு டிவிஷன் 1இல் நீண்ட காலம் இருந்த உச்சவரம்பு 14 ஸ்காலர்ஷிப், ஆண்களுக்கு 9.9. அதையே அணியில் பலருக்குக் கால், அரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய் அணியின் அளவுக்கு வரம்பு வந்திருக்கிறது. ஆனால் வரம்பு போனதால் ஒரு சிறிய கல்லூரியின் நீச்சல் அணிக்குப் பணம் கூடிவிடும் என்று நான் நம்பவில்லை. ஐவி லீக் எட்டும் டிவிஷன் 1இல் இருந்தும் 1954 ஒப்பந்தத்திலிருந்து விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. அதை எதிர்த்து 2023இல் பிரவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் இருவர் போட்ட வழக்கும் அடுத்த ஆண்டு தள்ளுபடியானது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இன்னொரு கதவைத் தட்டுவேன். கென்யன், டெனிசன், எமரி மூன்றும் டிவிஷன் 3 நீச்சலில் மிக வலுவானவை, மூன்றிலும் படிப்புக்கான மெரிட் ஸ்காலர்ஷிப் உண்டு. கோச்சால் அந்த முடிவில் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் நல்ல மதிப்பெண் உள்ள பெண்ணுக்கு, வருமானம் கொஞ்சம் கூடுதல் என்பதற்காக உதவி கிடைக்காத குடும்பத்துக்கு, உண்மையான தள்ளுபடி இங்கேதான் வருகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு எந்த ஸ்காலர்ஷிப் திறந்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்துப் பெயர்களைவிட இவற்றை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுவது எனக்கு வருத்தம்.

உங்கள் கேள்வியின் கடைசியில் மகனைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, அவன் கிரிக்கெட் மட்டும்தான் ஆடுகிறான் என்று. கிரிக்கெட் என்சிஏஏ விளையாட்டே இல்லை, ஆகவே வழக்கமான வழி அங்கே கிடையாது. ஆனால் பிலடெல்பியா அருகில் ஹேவர்ஃபோர்ட் கல்லூரி 19ஆம் நூற்றாண்டிலிருந்து கிரிக்கெட் ஆடுகிறது. அமெரிக்காவில் கிரிக்கெட்டைக் கல்லூரியின் அதிகாரபூர்வ அணியாக வைத்திருக்கும் ஒரே இடம் என்று பெயர் பெற்றது, கிரிக்கெட்டுக்கென்று ஒரு நூலகமே உண்டு. அதற்காகவே இடம் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில் இந்த மாதமே செய்ய வேண்டியது இரண்டு. கோச்சுக்கு அவள் கையாலேயே விசா நிலையையும், ஒதுக்கீடு பற்றிய அந்தக் கேள்வியையும், நிதி ப்ரீ-ரீட் உண்டா என்பதையும் எழுதி அனுப்பட்டும். கல்லூரித் தளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் சென்ற ஆண்டு வரிக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள். பெரும்பாலான கணிப்பான்கள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதனால் அதில் வரும் உதவித்தொகையை உச்சமாகக் கிடைக்கக்கூடியதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கென்யனுக்கும் டெனிசனுக்கும் எமரிக்கும் அவளுடைய நேரங்களோடு அறிமுக மின்னஞ்சல் அதே வாரம் போகட்டும். ஜூலை 1 வரும்போது மூன்று நான்கு கோச்சுகள் அவள் மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் நிலையில் இருந்தால், நவம்பரில் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவு செய்யலாம்.